பிரிண்டர் தகராறுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆபீஸில் பிரிண்டருக்குப் பக்கத்து நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவர்தான் பிரிண்டர் வைத்தியர் என்பது எழுதாத சட்டம். அந்த நாற்காலி பல வருடமாக என்னுடையது. கேட்பவர்கள் மாறுகிறார்களே தவிர கேள்விகள் மாறுவதில்லை. அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் கீழே போட்டிருக்கிறேன். பெரும்பாலும் விண்டோஸ் 11ஐ வைத்துத்தான் சொல்கிறேன். மேக், லினக்ஸ்காரர்களுக்குக் கீழே தனியாக ஒரு பதில் உண்டு.

பிரின்ட் கொடுத்தால் நேராகப் பிரிண்டருக்குப் போகாதா? நடுவில் ஸ்பூலர் என்று என்னவோ சொல்கிறீர்களே?

நேராகப் போகாது. கம்ப்யூட்டர் வேகம், பிரிண்டர் மெதுவு. நாற்பது பக்கமும் அச்சாகி முடியும்வரை வேர்ட் உங்களைக் காத்திருக்க வைத்தால் வேறு வேலையே பார்க்க முடியாது. அதனால் வேர்ட் தன் பங்கை ஸ்பூலர் என்ற சர்வீஸிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். ஸ்பூலர் அதை டிஸ்க்கில் ஒரு ஃபைலாக எழுதி, வரிசையில் நிறுத்தி, பிரிண்டர் வாங்க வாங்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும்.

இந்தப் பயணத்தில் கோளாறு வரக்கூடிய இடங்கள் மூன்றுதான். ஒன்று டிரைவர்: உங்கள் பக்கத்தைப் பிரிண்டருக்குப் புரியும் மொழியில் மாற்றுவது. இரண்டு வரிசை. மூன்று போர்ட், அதாவது பிரிண்டர் எங்கே இருக்கிறது என்ற முகவரி. பிரச்சினை வந்ததும் எல்லோரும் முதலில் செய்வது பிரிண்டரை நீக்கிவிட்டுத் திரும்பச் சேர்ப்பது. பல நேரம் சரியாகியும் விடும், ஏனென்றால் மூன்றும் ஒரே அடியில் புதிதாகிவிடுகின்றன. ஆனால் எது கெட்டிருந்தது என்று தெரியாமலே போய்விடுவதால் அடுத்த வாரம் அதே ஆள் அதே கேள்வியோடு என் மேசைக்கு வருகிறார்.

பிரின்ட் கொடுத்தேன், ஒன்றும் வரவில்லை. இன்னும் நாலு தடவை கொடுத்தேன், அப்போதும் வரவில்லை. என்ன செய்வது?

முதலில் கொடுப்பதை நிறுத்துங்கள். வரிசையில் முதல் ஆள் நகராமல் நின்றால் பின்னால் எத்தனை பேர் வந்தாலும் நகர மாட்டார்கள். அடைப்பு நீங்கியதும் அத்தனையும் மொத்தமாக வந்து விழும்.

செட்டிங்ஸில் புளூடூத் & டிவைசஸ், அதற்குள் பிரிண்டர்ஸ் & ஸ்கேனர்ஸ், அங்கே உங்கள் பிரிண்டரைத் திறந்து வரிசையைப் பாருங்கள். வரிசை காலியாக இருந்தால் நீங்கள் அனுப்பியது வேறு பிரிண்டருக்குப் போயிருக்கலாம், பக்கத்து அறையில் போய்ப் பாருங்கள். வரிசையில் ஏதோ நிற்கிறது என்றால் அடுத்த பதிலுக்கு வாருங்கள்.

வரிசையில் ஒரு ஃபைல் "டெலீட்டிங்" என்றே இரண்டு நாளாக நிற்கிறது. ரீஸ்டார்ட் பண்ணியும் போகவில்லை.

ரீஸ்டார்ட் செய்தாலும் போகாததற்குக் காரணம் முதல் பதிலிலேயே இருக்கிறது: அது டிஸ்க்கில் எழுதப்பட்ட ஃபைல். கம்ப்யூட்டர் மறுபடி எழுந்ததும் ஸ்பூலர் அந்த ஃபோல்டரைப் பார்த்து, பாக்கி வேலை இருக்கிறது என்று அதையே மறுபடி கையில் எடுத்துக்கொள்கிறது.

ஸ்டார்ட் மெனுவில் சர்வீசஸ் என்று தேடித் திறந்து, பிரின்ட் ஸ்பூலர் என்ற வரியில் வலது கிளிக் செய்து ஸ்டாப் கொடுங்கள். அப்புறம் சி டிரைவில் விண்டோஸ், அதற்குள் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்ற ஃபோல்டருக்குப் போங்கள். அட்மின் அனுமதி கேட்கும், கொடுங்கள். உள்ளே ஒவ்வொரு வேலைக்கும் சாதாரணமாக இரண்டு ஃபைல்கள் இருக்கும். எஸ்பிஎல் என்று முடிவது அச்சாக வேண்டிய சரக்கு, எஸ்எச்டி என்று முடிவது யார் அனுப்பியது, எத்தனை காப்பி என்ற விவரச் சீட்டு. எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஸ்பூலரை ஸ்டார்ட் செய்யுங்கள். ஃபோல்டரை அழிக்காதீர்கள், உள்ளே இருப்பவற்றை மட்டும்தான். இன்னொன்று, காத்திருக்கும் மற்றவர்களின் வேலைகளும், வேறு பிரிண்டருக்குக் கொடுத்தவையும் சேர்ந்தே போய்விடும், ஷேர் செய்த கம்ப்யூட்டர் என்றால் ஒரு குரல் கொடுத்துவிட்டுச் செய்யுங்கள்.

பிரிண்டர் கண் முன்னால் பச்சை விளக்கு எரிய நிற்கிறது. கம்ப்யூட்டர் மட்டும் ஆஃப்லைன் என்கிறது. யார் பொய் சொல்கிறார்கள்?

இரண்டு பேரும் உண்மைதான் சொல்கிறார்கள், முகவரிதான் மாறிவிட்டது. வைஃபையில் இருக்கும் பிரிண்டருக்கு ஐபி எண்ணைக் கொடுப்பது ரவுட்டர். மின்சாரம் போய் வந்தாலோ, ரவுட்டரை மாற்றினாலோ வேறு எண் கிடைக்கலாம். கம்ப்யூட்டர் பழைய வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது, அங்கே யாரும் இல்லை, உடனே ஆஃப்லைன்.

நிரந்தரத் தீர்வு ரவுட்டரில் இருக்கிறது: பிரிண்டருக்கு எப்போதும் இதே எண்தான் என்று ஒதுக்கி வைத்துவிடுங்கள். ரவுட்டர் பக்கத்தில் ஐந்து நிமிட வேலை, நான் கேட்ட பிரிண்டர் புகார்களில் பெரும்பகுதி இதோடு ஓய்ந்தது. அப்புறம் பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸில் போர்ட்ஸ் பக்கத்தைப் பாருங்கள். டபிள்யூஎஸ்டி என்று ஆரம்பிக்கும் போர்ட் இருந்தால், அது பிரிண்டரைத் தானாகத் தேடிப் பிடிக்கும் வகை. சேர்க்க வசதி, ஆனால் சில நெட்வொர்க்குகளில் அடிக்கடி தொலைத்துவிடும். ஒதுக்கிய எண்ணைக் கொடுத்து ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட்டாக மாற்றினால் அலைச்சல் குறையும்.

அப்படி மாற்றியும் ஆஃப்லைன் என்றே காட்டி, ஆனால் டெஸ்ட் பேஜ் மட்டும் ஒழுங்காக வந்தால் ஒரு வேடிக்கை உண்டு. அந்த போர்ட்டின் கான்ஃபிகர் ஜன்னலில் எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் என்று ஒரு டிக் இருக்கும். பிரிண்டரிடம் அவ்வப்போது நலம் விசாரிக்கும் வழி அது. பிரிண்டர் அந்த விசாரிப்புக்குப் பதில் சொல்லாத ரகம் என்றால் உயிரோடு இருந்தாலும் ஆஃப்லைன் என்று எழுதிவிடும். டிக்கை எடுத்துவிடுங்கள்.

நான் தேர்ந்தெடுத்த டீஃபால்ட் பிரிண்டர் தானாகவே மாறிப்போகிறதே?

அது கோளாறு இல்லை, வசதி என்று நினைத்துச் செய்தது. 2015 நவம்பரில் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டிலிருந்து, நீங்கள் இருக்கும் நெட்வொர்க்கில் கடைசியாக எந்தப் பிரிண்டரைப் பயன்படுத்தினீர்களோ அதையே டீஃபால்ட்டாக வைத்துக்கொள்ளும் வழக்கம் வந்தது. லேப்டாப்போடு இரண்டு இடங்களுக்கு அலைபவர்களுக்கு நல்லது, ஒரே மேசையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தொல்லை. பிரிண்டர்ஸ் & ஸ்கேனர்ஸ் பக்கத்தில் "லெட் விண்டோஸ் மேனேஜ் மை டீஃபால்ட் பிரிண்டர்" என்பதை ஆஃப் செய்துவிட்டு, வேண்டிய பிரிண்டரைத் திறந்து செட் ஆஸ் டீஃபால்ட் கொடுங்கள்.

புதுப் பிரிண்டரோடு சிடியே வரவில்லை, டிரைவரும் போடவில்லை. எப்படி அச்சாகிறது?

இந்தப் பதினைந்து வருடத்தில் நடந்த பெரிய மாற்றமே இதுதான். முன்பு ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு டிரைவர். பிரிண்டரில் எத்தனை டிரே, வண்ணம் உண்டா, இருபக்கமும் அச்சிடுமா என்பதெல்லாம் அந்த டிரைவருக்குள் எழுதியிருக்கும். பிரிண்டர் பேசாது, டிரைவர்தான் அதற்காகப் பேசும். இப்போது கம்ப்யூட்டர் பிரிண்டரிடமே நேராகக் கேட்கிறது: உன்னால் என்னென்ன முடியும், என்ன தாள் இருக்கிறது, எந்த வடிவில் கொடுத்தால் வாங்கிக்கொள்வாய்? பிரிண்டரே பட்டியல் சொல்கிறது. இந்தப் பேச்சுக்கான மொழி ஐபிபி, 1990களின் கடைசியில் உருவானது.

மொழி இருந்தும் பல காலம் அதை வைத்து டிரைவரை ஒழிக்க யாரும் முனையவில்லை. உந்தித் தள்ளியது போன்கள்தான். போனில் மாடலுக்கு ஒரு டிரைவர் போட முடியாதே. ஆப்பிள் 2010இல் ஏர்பிரின்ட் கொண்டுவந்தது. கேனான், எச்பி, சாம்சங், ஜெராக்ஸ் நான்கும் சேர்ந்து 2013இல் மோப்ரியா கூட்டமைப்பைத் தொடங்கின, அதன் விதிகளுக்கு ஒத்துப்போகும் பிரிண்டர்கள்தான் மோப்ரியா பிரிண்டர்கள். இரண்டுக்கும் அடியில் ஓடுவது ஐபிபிதான். விண்டோஸ் 10இன் 21எச்2 பதிப்பிலிருந்து நெட்வொர்க்கிலும் யூஎஸ்பியிலும் மோப்ரியா பிரிண்டர்களை விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் "மைக்ரோசாஃப்ட் ஐபிபி கிளாஸ் டிரைவர்" கவனித்துக்கொள்கிறது.

மைக்ரோசாஃப்ட் பிரிண்டர் டிரைவரையே நிறுத்தப் போகிறதாமே? என் பழைய லேசர் பிரிண்டர் குப்பைக்கா?

குப்பைக்கு இல்லை. 2023 செப்டம்பரில் அறிவித்த திட்டத்தின் தலைப்பை மட்டும் படித்துவிட்டுப் பலர் பயந்துபோனார்கள். நிறுத்துவது, கம்பெனிகளின் டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியாக வினியோகிப்பதை. அந்தத் திட்டப்படி 2026 ஜனவரி 15 முதல் விண்டோஸ் 11க்குப் புதிய டிரைவர்கள் விண்டோஸ் அப்டேட்டில் ஏற்றப்படாது. 2026 ஜூலை 1 முதல், கம்பெனி டிரைவர், ஐபிபி டிரைவர் இரண்டும் பொருந்துகிற இடத்தில் விண்டோஸ் தன்னுடைய ஐபிபி டிரைவரைத்தான் முதலில் தேர்ந்தெடுக்கும். 2027 ஜூலை 1 முதல் பாதுகாப்புத் திருத்தங்கள் தவிர வேறு டிரைவர் அப்டேட்டுகள் அந்த வழியில் வராது.

ஏற்கெனவே போட்டிருக்கும் டிரைவர் அப்படியே ஓடும். கம்பெனியின் தளத்திலிருந்து இறக்கிப் போடுவதற்கும் தடை இல்லை. நான் சொல்வது ஒன்றுதான்: பழைய பிரிண்டர் வைத்திருப்பவர்கள் அதன் டிரைவர் இன்ஸ்டாலரை இன்றே இறக்கி ஒரு பென் டிரைவில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனிகள் பழைய மாடல்களின் பக்கங்களை எந்த நாளில் எடுக்கும் என்று யாருக்கும் தெரியாது.

முன்பெல்லாம் ஆபீஸ் பிரிண்டரை நானே சேர்த்துக்கொள்வேன். இப்போது அட்மின் பாஸ்வேர்ட் கேட்கிறதே, என்மேல் சந்தேகமா?

உங்கள்மேல் இல்லை, ஸ்பூலர்மேல். ஸ்பூலர் ஓடுவது கம்ப்யூட்டரின் உச்ச அதிகாரத்தில், டிரைவர் என்ற பெயரில் யாரோ எழுதிய புரோகிராமை அது தன் பக்கத்தில் சேர்த்துக்கொள்கிறது. ஆக, டிரைவர் என்று சொல்லி எதையாவது உள்ளே தள்ள முடிந்தால் மொத்தக் கம்ப்யூட்டரும் கையில். 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற வைரஸ் பரவிய வழிகளில் ஒன்று ஸ்பூலர் ஓட்டைதான். 2021 கோடையில் பிரின்ட்நைட்மேர் என்ற ஓட்டை வெளிவந்தது, சாதாரணப் பயனர் கணக்கு ஒன்றை வைத்துக்கொண்டே வெளியிலிருந்து உள்ளே புகலாம் என்ற நிலை. அந்த ஆகஸ்ட் அப்டேட்டிலிருந்துதான் நெட்வொர்க் வழியாக டிரைவர் போட அட்மின் வேண்டும் என்றானது.

அடுத்த மாத அப்டேட்டில் இன்னொரு கூத்து. ஒரு கம்ப்யூட்டரில் ஷேர் செய்த பிரிண்டரை மற்றவற்றில் சேர்த்தால் 11பி என்று முடியும் பிழை எண் வர ஆரம்பித்தது. ரெஜிஸ்ட்ரியில், அதாவது விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் பதிவேட்டில், ஒரு வரியை மாற்றினால் போகும் என்று எல்லோரும் சொல்லிக்கொடுத்தார்கள், நானும் ஓரிடத்தில் செய்தேன். அது பூட்டைக் கழற்றிவிட்டுக் கதவு திறக்கிறது என்று சந்தோஷப்படுவது மாதிரி. இரண்டு கம்ப்யூட்டர்களிலும் அப்டேட்டை முழுதாகப் போடுங்கள். பிரிண்டரிலேயே நெட்வொர்க் வசதி இருந்தால் ஷேரிங்கையே விட்டுவிட்டு ஒவ்வொரு கம்ப்யூட்டரும் நேராகப் பிரிண்டரோடு பேசட்டும்.

விண்டோஸ் புரொடெக்டட் பிரின்ட் மோட் என்று ஒன்று வந்திருக்கிறது. ஆன் பண்ணலாமா?

விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில் வந்தது, நாமாக ஆன் செய்தால்தான் உண்டு. ஆன் செய்தால் கம்பெனி டிரைவர் எதற்கும் இடமில்லை, மோப்ரியா பிரிண்டர் மட்டும் ஐபிபி வழியில் ஓடும். முந்தைய பதிலில் சொன்ன உச்ச அதிகாரத்தையும் ஸ்பூலரிடமிருந்து பெரும்பாலும் பிடுங்கிவிடுகிறார்கள். பாதுகாப்பு என்று பார்த்தால் இதுவே சரியான வழி என்பது என் எண்ணம்.

ஆனால் ஆன் செய்யும் அந்த நொடியில், கம்பெனி டிரைவரில் ஓடிக்கொண்டிருந்த பிரிண்டர்கள் பட்டியலிலிருந்து காணாமல் போகும். மறுபடி ஆஃப் செய்தாலும் தானாகத் திரும்பாது, நீங்கள்தான் சேர்க்க வேண்டும். மாதக் கடைசி அவசரத்தில் இதைச் சோதித்துப் பார்க்காதீர்கள்.

ஐபிபி வழியில் சேர்த்தேன். அச்சாகிறது, ஆனால் ஸ்டேப்பிள், பின் நம்பர் போட்டு எடுப்பது இதெல்லாம் காணோமே?

பிரிண்டர் தன் பட்டியலில் சொன்னால்தான் கம்ப்யூட்டருக்குத் தெரியும். பழைய டிரைவர் எல்லாவற்றையும் தானே வரைந்து காட்டியது. முதலில் பிரிண்டரின் ஃபர்ம்வேரை, அதாவது அதற்குள்ளேயே ஓடும் புரோகிராமை, அப்டேட் செய்யுங்கள், பல மாடல்கள் அதற்குப் பிறகுதான் முழுப் பட்டியலையும் சொல்கின்றன. அப்புறம் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் அந்தக் கம்பெனியின் ஆப் இருக்கிறதா பாருங்கள். டிரைவருக்குப் பதிலாக இந்த ஆப்கள்தான் இப்போது கூடுதல் வசதிகளைக் காட்டுகின்றன.

பிரின்ட் வருகிறது, ஸ்கேன் மட்டும் வரவில்லை.

பெட்டி ஒன்று, உள்ளே இருப்பது இரண்டு சாதனம். ஐபிபி கிளாஸ் டிரைவர் அச்சை மட்டும் பார்க்கும். ஸ்கேனரைத் தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கலாம், அல்லது கம்பெனி ஆப் போட வேண்டும்.

ஏ4 தாள்தான் வைத்திருக்கிறேன். இருந்தும் பிரிண்டர் தாள் கேட்டு விளக்கை மினுக்கிக்கொண்டே நிற்கிறது.

பிரிண்டரின் சின்னத் திரையைக் கிட்டப் போய்ப் பாருங்கள், பெரும்பாலும் "லெட்டர்" என்ற சொல் இருக்கும். லெட்டர் தாள் 216க்கு 279 மில்லிமீட்டர், ஏ4 210க்கு 297. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், பிரிண்டருக்கு இல்லை. அவசரத்துக்கு ஓகே பட்டனை அழுத்தினால் இருக்கும் தாளிலேயே அடித்துவிடும், ஓரத்தில் ஒரு வரி வெட்டுப்படலாம்.

திரும்ப வராமல் இருக்க மூன்று இடத்தில் பார்க்க வேண்டும், இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள். பிரின்டிங் ப்ரிஃபரன்சஸில் ஏ4 என்று மாற்றினால் அது உங்கள் லாகினுக்கு மட்டும். எல்லோருக்கும் மாற வேண்டும் என்றால் பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு பக்கத்தில் இருக்கும் பிரின்டிங் டீஃபால்ட்ஸ். இவை இரண்டையும் மீறி ஃபைலுக்குள்ளேயே ஒரு தாள் அளவு எழுதியிருக்கும், எக்செலில் ஒவ்வொரு ஷீட்டுக்கும் தனித்தனியாக. ஒரு தடவை பன்னிரண்டு ஷீட் உள்ள ஃபைலில் ஏழாவது மட்டும் லெட்டராக இருந்தது. ஆறு பக்கம் வரும், நிற்கும். மறுபடி கொடுத்தால் மறுபடி ஆறு. பிரிண்டர் உருளையைக்கூடக் கழற்றித் துடைத்துவிட்டோம், அதற்கப்புறம்தான் யாருக்கோ பேஜ் லேஅவுட்டைத் திறந்து பார்க்கத் தோன்றியது.

திரையில் தமிழ் ஒழுங்காகத் தெரிகிறது. தாளில் கட்டம் கட்டமாக வருகிறது.

எழுத்துரு தாள்வரை போய்ச் சேரவில்லை. பிடிஎஃப் என்றால் எழுத்துரு ஃபைலுக்குள்ளேயே பொதிந்திருக்க வேண்டும். சில நேரம் டிரைவர் தன் வசதிக்கு அதை வேறு ஒன்றாக மாற்றி, கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று பிரித்துவிடும். அக்ரோபாட் ரீடரின் பிரின்ட் ஜன்னலில் அட்வான்ஸ்டு என்பதற்குள் "பிரின்ட் ஆஸ் இமேஜ்" இருக்கிறது, அதை டிக் செய்தால் பக்கம் முழுதும் படமாகப் போகும், எழுத்துரு பற்றிய பேச்சே இல்லை. கொஞ்சம் மெதுவாகும், காரணம் அடுத்த பதிலில்.

300 கேபி பிடிஎஃப்தான் கொடுத்தேன். வரிசையில் 200 எம்பி என்று காட்டுகிறது. வைரஸா?

வைரஸ் இல்லை, கணக்கு. ஃபைலில் இருப்பது "இந்த இடத்தில் இந்த எழுத்து" என்ற குறிப்புகள். பிரிண்டருக்கு வேண்டியது புள்ளிகள். ஏ4 பக்கத்தை அங்குலத்துக்கு 600 புள்ளி என்று விரித்தால் 4960க்கு 7016, சுமார் மூன்றரைக் கோடி புள்ளி. வண்ணத்துக்குப் புள்ளிக்கு மூன்று பைட் என்றால் ஒரு பக்கமே 100 எம்பியைத் தாண்டும். சுருக்கி அனுப்புவதால் வெள்ளை நிறைய உள்ள பக்கம் குறையும், புகைப்படம் நிறைந்த பக்கம் அவ்வளவு குறையாது.

இதைச் சில பிரிண்டர்கள் தாமே செய்துகொள்ளும், பிடிஎஃப்பை அப்படியே வாங்கிக்கொள்ளும். மலிவான மாடல்களில் கம்ப்யூட்டர்தான் விரித்துக் கொடுக்க வேண்டும். பெரிய வரைபடம் பாதியில் நின்றால் தரத்தை 300க்கு இறக்கியோ பத்துப் பத்துப் பக்கமாகவோ கொடுத்துப் பாருங்கள்.

மேக், லினக்ஸில் இந்தத் தலைவலியெல்லாம் இல்லை என்கிறார்களே?

வேறு தலைவலிகள் உண்டு. இரண்டிலும் அச்சைக் கவனிப்பது கப்ஸ் என்ற புரோகிராம். மைக்கேல் ஸ்வீட் எழுதி 1999இல் வெளிவந்தது, 2002இல் மேக் ஓஎஸ் எக்ஸ் 10.2க்குள் போனது, 2007இல் ஆப்பிளே அதை வாங்கிக்கொண்டது. 2019 கடைசியில் ஸ்வீட் ஆப்பிளை விட்டு விலகினார், இப்போது லினக்ஸ் பக்கம் ஓப்பன்பிரின்டிங் குழு வளர்க்கிறது. அங்கும் போகிற திசை இதேதான், பழைய டிரைவர் விவரக் கோப்புகளை விட்டுவிட்டு ஐபிபி மட்டும்.

லினக்ஸில் வரிசை சிக்கினால் பிரவுசரின் முகவரிப் பட்டையில் localhost:631 என்று அடியுங்கள், கப்ஸின் மொத்த நிர்வாகமும் அங்கே இருக்கிறது. மேக்கில் பிரிண்டர் பட்டியலில் கண்ட்ரோல் பட்டனோடு கிளிக் செய்தால் "ரீசெட் பிரின்டிங் சிஸ்டம்" வரும். எல்லாப் பிரிண்டர்களையும் துடைத்துவிடும், கடைசி ஆயுதமாக மட்டும்.

யார் என்ன பிரின்ட் எடுத்தார்கள் என்று பார்க்க முடியுமா? தாள் தீர்ந்துகொண்டே இருக்கிறது.

முடியும், முன்கூட்டியே ஆன் செய்திருந்தால். விண்டோஸ் நடப்புகளைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், பிரின்ட்சர்வீஸ் என்று இறங்கினால் ஆப்பரேஷனல் என்ற பதிவேடு இருக்கும். இயல்பில் அது ஆஃப். வலது கிளிக்கில் எனேபிள் செய்த நாளிலிருந்துதான் எழுத ஆரம்பிக்கும், நேற்றைய கணக்குக் கிடைக்காது. 307 என்ற எண்ணுள்ள ஒவ்வொரு வரியும் அச்சாகி முடிந்த ஒரு வேலை: யார், எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து, எத்தனை பக்கம். எங்கள் ஆபீஸில் ஆன் செய்த முதல் வாரம் ஒரே ஃபைலை ஐந்து தடவை கொடுத்தவர் யார் என்று பார்த்தேன். நானேதான், இரண்டாவது கேள்வியில் எதைச் செய்யாதீர்கள் என்றேனோ அதையே செய்திருக்கிறேன்.

ஃபைலின் பெயர் மட்டும் அதில் இருக்காது, வெறுமனே பிரின்ட் டாக்குமென்ட் என்றுதான் வரும். பெயரும் வேண்டும் என்றால் குரூப் பாலிசியில் (அட்மின் விதிகளை வைக்கும் இடம்) பிரிண்டர்ஸ் பகுதியில் "அலோ ஜாப் நேம் இன் ஈவென்ட் லாக்ஸ்" என்பதை ஆன் செய்ய வேண்டும். ஆன் செய்வதற்கு முன் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள், ராஜினாமா கடிதத்தையும் அதே பிரிண்டரில்தான் எடுப்பார்கள்.